அந்தக் கைகளைக் காட்டியது நான்தான்

காரைக்குடியில் ஒரு கேபிள் சேனலில் பதினோரு வருடமாகச் செய்தி வாசிக்கிறேன். வாசிக்கிறேன் என்பது பாதிதான். எழுதுவதும் நான், எது முன்னால் எது பின்னால் என்று வரிசைப்படுத்துவதும் நான், எந்தச் செய்திக்கு எந்தப் படம் என்று சொல்வதும் நான், கடைசியில் முகத்தில் பவுடரை அப்பிக்கொண்டு கேமரா முன்னால் உட்கார்ந்து வணக்கம் சொல்வதும் நான். சென்னையில் இதற்கெல்லாம் ஒரு பட்டாளமே இருக்கும். எங்களுக்கு மாடியில் மூன்று அறை, ஓர் எடிட்டர், இரண்டு நிருபர்கள், ஓர் ஓனர், அவ்வளவுதான். ஊர்க்காரர்களுக்கு இது தெரியாது. கடைத்தெருவில் பார்த்தால், "எழுதிக் குடுக்கிறத என்னமா வாசிக்கிறீக!" என்பார்கள். நானும் திருத்தாமல் சிரித்துவிட்டுப் போவேன்.

செய்தி தயாரிப்பது ஒன்றும் பெரிய வித்தை இல்லை, சொல்லிவிடுகிறேன். முதலில் ஐந்து தலைப்புகள். ஒவ்வொன்றுக்கும் ஏழெட்டு விநாடி, 'டங்' என்று ஒரு சத்தம். முதல் தலைப்பு கலெக்டர், மந்திரி, கண்மாய் உடைப்பு என்று கனமாக இருக்க வேண்டும். ஐந்தாவது தலைப்புதான் தூண்டில். அதை முழுதாகச் சொல்லிவிடக் கூடாது. தட்டில் இட்லியோடு டிவி முன்னால் உட்கார்ந்தவரை அரை மணி நேரம் எழுந்திருக்க விடாமல் செய்வதற்குத்தான் அது. நடுவில் இரண்டு விளம்பர இடைவேளை. ஒவ்வோர் இடைவேளைக்கு முன்னாலும் தூண்டிலை ஒருமுறை ஆட்டிக் காட்ட வேண்டும். பொட்டலத்தைக் கடைசியில்தான் அவிழ்க்க வேண்டும். அவிழ்த்தால் பெரும்பாலும் உள்ளே ஒன்றும் இருக்காது, ஆனால் அதற்குள் 'நன்றி, வணக்கம்' வந்துவிடும். இதில் எனக்கு நல்ல பெயர். ஐந்தாவது தலைப்பை என்னைப்போல் எழுத இந்த ஜில்லாவிலேயே ஆள் கிடையாது என்று ஓனர் நாலு பேர் முன்னால் சொல்வார். நான் தலையைக் குனிந்துகொண்டு உள்ளுக்குள் பூரித்துப்போவேன். இப்போது எழுதும்போது கன்னம் சுடுகிறது.

சொல்ல வந்தது பலகாரக்கார அக்காவைப் பற்றி. கண்டனூரில் தன் வீட்டிலேயே மூன்று அடுப்பு வைத்து, நாலு பெண்களைச் சேர்த்துக்கொண்டு, கல்யாணத்துக்கும் சீருக்கும் பலகாரம் செய்து கொடுப்பவர். ஐம்பத்தைந்து வயது இருக்கும். கணவர் இறந்தபின் அந்த அடுப்புகளை நம்பித்தான் மகளை நர்சிங் படிக்க வைத்துக்கொண்டிருந்தார். அங்கே பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகளைக் கல்யாணத்துக்காகத் திறக்கும் மாதங்களில் அவரிடம் சீப்புச்சீடையும் மனகோலமும் வாங்க முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். கடைசி நேரத்தில் போய் நின்றால், "மாப்பிள்ளை வீட்டுக்காரவுகளே வரிசையில நிக்கிறாக, நீங்க இப்பத்தான் முழிச்சீகளாக்கும்?" என்று கேட்டுச் சிரிப்பார்.

ஒரு தீபாவளிக்கு முன்னால் அவரைப் பற்றி ஒரு சிறப்புச் செய்தி எடுத்தோம். கேமராவைப் பார்த்ததும் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். "மூஞ்சியெல்லாம் வேணாம் தாயி, கைய மட்டும் எடுத்துக்கங்க. வேலை செய்யிறது அதுதான!" என்றார். சரி என்று கைகளை மட்டுமே எடுத்தோம். இடது மணிக்கட்டில் பச்சை குத்திய சின்னக் கோலம், இரண்டு வெள்ளி வளையல், பின்னால் நீலம் அடித்த சுவர். அந்தக் கைகள் மாவைப் பிசைந்தன, முறுக்குப் பிழிந்தன, கொதிக்கிற எண்ணெயிலிருந்து பொன்னிறமாக அள்ளின. பின்னணியில் நாதஸ்வரம் போட்டோம். ஐந்து நாள் ஓடியது. 'அந்தக் கைப் பலகாரம்' என்று கேட்டுக்கொண்டு ஆட்கள் போனார்கள். அக்கா எனக்கு ஒரு டப்பா நிறைய அதிரசம் கொடுத்தனுப்பினார். அதற்கப்புறம் எங்கள் வீட்டு விசேஷம் எதுவானாலும் அவரிடம்தான்.

நாலைந்து மாதம் கழித்து ஒரு மத்தியானம் நிருபர் போன் செய்தார். புறவழிச்சாலைப் பக்கம் ஒரு பலகாரக் கூடத்தில் உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் சோதனை போட்டிருக்கிறார்கள், திரும்பத் திரும்பச் சுட்ட எண்ணெயா என்று பார்க்க மாதிரி எடுத்துப்போயிருக்கிறார்கள், முடிவு வரும்வரை கடைப் பெயர் போட வேண்டாம் என்கிறார்கள். இதுதான் செய்தி. நாலு வரி. எழுதும்போதே எனக்குத் தூண்டில் தெரிந்துவிட்டது. 'நீங்கள் சாப்பிடும் பலகாரம் எந்த எண்ணெயில் வெந்தது? அதிர்ச்சித் தகவல்!' என்று அடித்தேன். எழுதி முடித்ததும் நாற்காலியில் சாய்ந்து நானே ஒருமுறை உரக்கப் படித்துப் பார்த்து ரசித்தேன்.

படம்தான் இல்லை. நிருபர் போவதற்குள் அதிகாரிகள் கிளம்பிவிட்டார்கள். இழுத்து மூடிய ஷட்டரை மட்டும் எடுத்து அனுப்பியிருந்தார். மூடிய ஷட்டரை எவ்வளவு நேரம்தான் காட்டுவது?

"என்னக்கா போட?" என்றார் எடிட்டர். எனக்குச் சம வயதுதான், ஆனால் சேனலில் எல்லோருக்கும் நான் அக்கா.

"தீபாவளிக்கு எடுத்தோம்ல, அதப் போடுங்க. அதுலதான் மூஞ்சியே கெடயாதே."

"ஊருக்கே தெரிஞ்ச கையாச்சேக்கா."

"கோப்புக் காட்சின்னு போட்ருங்க. அப்புறம் யாரு கேக்கப் போறா?"

பழைய படத்தைப் போடும்போது மூலையில் 'கோப்புக் காட்சி' என்று எழுதிவிட்டால் எங்கள் தொழிலில் பாவம் கழிந்த மாதிரி. எடிட்டர் எழுதினார், இடது பக்கம், கீழே. படத்தை மெதுவாக ஓடவிட்டார். நிறத்தை இறக்கிச் சிவப்பேற்றினார். நாதஸ்வரம் போய் 'டும்... டும்...' வந்தது. அடேயப்பா, அதே எண்ணெய், அதே கொதி, ஆனால் பார்த்தால் வயிற்றைப் புரட்டியது. "பிரமாதம்!" என்றேன். ஆமாம், அந்தச் சொல்லைத்தான் சொன்னேன்.

ஆறரைச் செய்தி நேரலை. தலைப்பில் ஒருமுறை, இரண்டு இடைவேளைக்கும் முன்னால் ஒவ்வொரு முறை, கடைசியில் செய்தியாக ஒருமுறை. ஆக நாலு தடவை அக்காவின் கைகள் வந்தன. நான் வாசித்துக்கொண்டே எதிரே இருந்த மானிட்டரைப் பார்த்தேன். எங்கள் சேனலில் செய்தி ஓடும்போது திரையின் இடது பக்கத்தையும் அடிப்பகுதியையும் சேர்த்து ஒரு ஜவுளிக்கடை விளம்பரம் வரும். பட்டுப்புடவை கட்டிய பெண்ணொருத்தி இடது ஓரத்தில் நிற்பாள். கோப்புக் காட்சி என்ற எழுத்து அவளுக்குப் பின்னால் போய்விட்டது. ஓர் எழுத்துகூடத் தெரியவில்லை.

தெரியாமல் நடந்தது என்று பிற்பாடு எல்லோரிடமும் சொன்னேன். பொய். நான் பார்த்தேன். எந்த விளம்பரம் எந்த நேரம் எந்த இடத்தில் என்று அட்டவணை போடுகிறவளே நான்தான். எட்டரைக்கு மறுஒளிபரப்பு. நடுவில் ஒன்றரை மணி நேரம் முழுதாக இருந்தது. எடிட்டரிடம் 'எழுத்தை மேலே ஏத்துங்க' என்று ஒரு வார்த்தை சொன்னால் வேலை முடிந்தது. வீட்டுக்குப் போகிற அவசரம். போகட்டும், யார் அவ்வளவு கவனிக்கப் போகிறார்கள் என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

கவனித்தது ஊரே. யாரோ டிவித் திரையைப் போனில் படம்பிடித்து வாட்ஸ்அப்பில் விட்டிருந்தார்கள். 'நம்ம கண்டனூர் அம்மாதான், கையப் பாருங்க' என்று கீழே எழுதியிருந்தது. தீபாவளிக்கு அந்தக் கையை அடையாளம் காட்டிக்கொடுத்ததே நாங்கள்தானே.

மூன்றாம் நாள் அக்கா சேனலுக்கே வந்துவிட்டார். மாடி ஏறி மூச்சு வாங்க நின்றார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. அதற்குள் மூன்று கல்யாண வீட்டார் வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். ஒரு வீட்டில் முதல் நாள் கொண்டுபோன பலகாரத்தைத் திருப்பிக் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

"ஒங்க மேல எனக்கு வருத்தம் இல்ல தாயி," என்றார் என்னைப் பார்த்து. "நீங்க எழுதிக் குடுக்கிறத வாசிக்கிறவுக. என் கையப் போடச் சொன்ன ஆளு யாரு? அவுகளக் கூப்பிடுங்க. ஒரு வார்த்தை கேக்கணும்."

அந்த நிமிடம் என் வாயைத் திறந்து 'நான்தான் அக்கா' என்று சொல்லியிருக்க வேண்டும். என் வாயிலிருந்து என்ன வந்தது தெரியுமா? "எடிட்டர் தெரியாமப் போட்டுட்டாரு அக்கா." எடிட்டர் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார். ஹெட்போன் கழுத்தில்தான் கிடந்தது, காதில் இல்லை. திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தார். எழுந்து வந்து அக்காவிடம், "மன்னிச்சுக்கங்கம்மா" என்றார். நான் செய்ததற்கு அந்த மனுசன் மன்னிப்புக் கேட்டார். நான் தண்ணீர் கொண்டுவருகிற சாக்கில் உள்ளே போய்விட்டேன். சீ, என்ன பிறவி நான்!

அக்கா கேட்டது ஒன்றே ஒன்று. "எந்த எடத்துல என்னப் போட்டீகளோ அந்த எடத்துல சொல்லணும். ஆரம்பத்துல டங்கு டங்குன்னு அஞ்சு சொல்றீகல்ல, அதுல ஒண்ணா, 'கண்டனூர் பலகாரக்காரம்மா மேல தப்பு இல்ல, நாங்கதான் படத்த மாத்திப் போட்டோம்'னு சொல்லுங்க. எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

ஓனர் குழைந்து பேசி, கண்டிப்பாகப் போடுகிறோம் என்று அனுப்பிவைத்தார். அக்கா படி இறங்கியதும் ஓனர் என்னிடம் திரும்பினார். "ஏம்மா, மறுப்ப எவனாச்சும் தலைப்புல போடுவானா? நாளைக்கு எந்தச் செய்திய நம்புவாங்க? கீழ ஓட விட்ரு." கீழே ஓடுவது என்றால் திரையின் அடியில் ஊர்ந்து போகும் வரி. நான் மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. பேசினால், படத்தை யார் தேர்ந்தெடுத்தது என்ற பேச்சு வரும்.

அந்த வரியையும் நான்தான் எழுதினேன். 'அண்மையில் ஒளிபரப்பான செய்தியில் இடம்பெற்றவை கோப்புக் காட்சிகள் என்பதைத் தெரிவித்துக்கொள்கிறோம்.' அக்காவைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை. தப்பு என்றும் இல்லை, வருந்துகிறோம் என்றும் இல்லை. தங்கம் விலைக்கும் வீட்டுமனை விளம்பரத்துக்கும் நடுவில் அது ஓடியது. ஐந்தாவது தலைப்பை அத்தனை கூர்மையாக எழுதத் தெரிந்தவளுக்கு, யாருக்கும் புரியாத மாதிரி எழுதவும் நன்றாகவே தெரிந்திருந்தது.

இதோடு போயிருந்தால்கூட ஆபீஸ் விவகாரம், ஓனர் பேச்சு என்று மனசைத் தேற்றியிருப்பேன். அடுத்த மாதம் என் நாத்தனார் மகளுக்குக் காதுகுத்து. என் கணவர்தான் தாய்மாமன். எங்கள் பக்கம் தாய்மாமன் சீர் என்றால் தட்டு எண்ணிக்கையையும் பார்ப்பார்கள், தட்டில் இருப்பதையும் கிளறிப் பார்ப்பார்கள். பலகாரத் தட்டுகளுக்கு அக்காவிடம் தைமாதமே சொல்லிவைத்திருந்தேன். வீட்டில் பட்டியல் போட உட்கார்ந்தபோது என் மாமியார் கேட்டார்.

"பலகாரம் யார்ட்ட?"

"வழக்கமா வாங்குற கண்டனூர் அக்காட்டதான் அத்தே."

"ஏத்தா, ஒனக்கு கிறுக்கா? ஊரே காறித் துப்புது. சீர்த் தட்டுல அதக் கொண்டுபோயி வச்சா சம்பந்திக்காரவுக நம்மள என்ன நெனப்பாக? நீயேதான வாசிச்ச, சுட்ட எண்ணெயில சுடுறாகன்னு!"

நான் அப்படி வாசிக்கவில்லை. ஒரு கூடத்தில் சோதனை நடந்தது என்றுதான் வாசித்தேன். ஆனால் என் மாமியார் கேட்டது என் வார்த்தையை இல்லை, அவர் பார்த்தது அந்தக் கையை. எதிரே என் கணவர், நாத்தனார், அவர் வீட்டுக்காரர் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எங்கள் வீட்டில் நான் செய்தி வாசிக்கிறவள் என்பதில் எல்லோருக்கும் பெருமை. காளையார்கோவில் பக்கத்து உறவுக்காரர்கள் கல்யாணத்தில் என்னோடு நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள். 'அது அவுக இல்ல அத்தே, நான் தப்பாப் போட்டுட்டேன்' என்று சொல்ல ஐந்து விநாடி ஆகாது.

"அப்ப வேற எடத்துல சொல்லிருவோம்," என்றேன்.

என் கணவர் அக்காவுக்குப் போன் போட்டு வேண்டாம் என்று சொன்னார். அவரே போய் வேறு இடத்திலும் சொல்லிவிட்டு வந்தார். எங்கே என்று கேட்டேன். புறவழிச்சாலைப் பக்கம், புதிதாகப் பெயிண்ட் அடித்து நன்றாக இருக்கிறது என்றார். நிருபர் எடுத்து அனுப்பிய அதே ஷட்டர்தான். எடுத்துப்போன மாதிரியின் முடிவு என்ன ஆயிற்று என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நாங்கள் கேட்கவே இல்லை. கடையை எப்போதோ திறந்திருக்கிறார்கள். அவர்கள் மேல் தப்பு இல்லாமலும் இருக்கலாம். ஆனால் 'அந்தக் கடையா?' என்று நான் வாயெடுத்தால், 'அப்போ டிவியில் காட்டியது யாரை?' என்று அடுத்த கேள்வி வரும். வாயை மூடிக்கொண்டேன்.

காதுகுத்து நன்றாகத்தான் நடந்தது. தட்டுகளை வரிசையாகத் தூக்கிக்கொண்டு மேளத்தோடு போனோம். சம்பந்தி வீட்டில் அதிரசத்தைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டு நன்றாயிருக்கிறது என்றார்கள். என் மாமியார் என் காதோரம், "நல்லவேளை, நீ டிவில சொன்ன, பொழைச்சோம்" என்றார். வாயிலிருந்ததை விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

இரண்டு நாள் கழித்துக் கண்டனூருக்குப் பஸ் ஏறினேன். மூன்று அடுப்பில் ஒன்றுதான் எரிந்துகொண்டிருந்தது. நாலு பெண்களில் ஒருவர் மட்டும் உட்கார்ந்து பருப்புப் புடைத்துக்கொண்டிருந்தார். அக்கா என்னைப் பார்த்ததும், "வாங்க தாயி, இங்குட்டு நெழல்ல ஒக்காருங்க" என்று ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். சீர் ஆர்டர் போனதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மகளுக்கு அடுத்த வருடப் படிப்பை நிறுத்திவைக்கச் சொல்லியிருப்பதாகச் சொன்னார். "ஒரு வருசந்தான, பெறகு பாத்துக்கலாம்னேன். அழுகுறா."

சொல்லிவிட்டேன். படத்தைத் தேர்ந்தெடுத்தது நான், சிவப்பேற்றியதைப் பிரமாதம் என்றது நான், எழுத்து மறைந்திருந்ததைப் பார்த்தும் விட்டது நான், எடிட்டர் மேல் பழியைப் போட்டது நான். எல்லாவற்றையும் கொட்டினேன். "என்னை மன்னிச்சிருங்கக்கா" என்று அவர் கையைப் பிடித்தேன். அந்தப் பச்சை குத்திய கையை.

அக்கா கையை உருவிக்கொண்டார். அடுப்புப் பக்கம் போய்த் தீயைத் தணித்தார். திரும்பியபோது முகம் மாறியிருந்தது.

"இத எதுக்கு என்ட்ட சொல்றீக?" என்றார். "நான் தப்புச் செய்யலன்னு எனக்குத் தெரியாதா? தெரியாதவுக ஊரு பூரா இருக்காக. அவுகள்ட்டச் சொல்லுங்க. தெனம் சாயங்காலம் அவுக வீட்டுக்குள்ளதான போறீக?"

நான் அந்த நீலச் சுவரைப் பார்த்தேன்.

"சரி, அது விடுங்க. ஒங்க வீட்டுலயாச்சும் சொன்னீகளா?"

தலையைக் குனிந்துகொண்டேன்.

"சொல்லலல்ல? என்ட்ட வந்து சொல்லிட்டு, நீங்க மனசு லேசாப் போயிருவீக. நான் இந்த ஒத்த அடுப்ப வச்சிக்கிட்டு இங்கனயே கெடக்கேன். எந்திரிங்க, பஸ்ஸு வந்துரும்."

பஸ்ஸில் வரும்போதே முடிவுசெய்துவிட்டேன். சேனலுக்குப் போய் ஒரு தாளில் ஐந்து வரி எழுதினேன். சுற்றி வளைக்காமல், கண்டனூர், பலகாரம், அவர் மேல் தப்பில்லை, படத்தைப் போட்டது நான், மன்னியுங்கள் என்று எழுதினேன். ஓனரிடம் கேட்கவில்லை. நேரலைதானே, வாயில் வந்ததை யாரால் பிடிக்க முடியும்? தாளைச் செய்திக் கட்டுக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

தலைப்புகள் போயின. இடைவேளைகள் போயின. கடைசிச் செய்தியும் வானிலையும் முடிந்தன. அன்றைக்கு ஒரு நிருபரின் படம் சின்னதாக இருந்ததால் செய்தி சீக்கிரம் முடிந்துவிட்டது. காதில் எடிட்டரின் குரல் வந்தது. "அக்கா, இன்னும் இருபது விநாடி இருக்கு. ஏதாவது சொல்லுங்க."

தாளின் ஓரத்தைத் தொட்டேன். கேமராவின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதற்குப் பின்னால் என் மாமியார் டிவி முன் உட்கார்ந்திருப்பது தெரிந்தது, என் கணவரும், நாத்தனார் வீடும், என்னோடு போட்டோ எடுத்துக்கொண்ட அத்தனை பேரும். வாய் திறந்தது. "சிவகங்கை மாவட்டத்தில் நாளை ஓரிரு இடங்களில் இடியுடன் கூடிய மழைக்கு வாய்ப்பு" என்று இன்னொரு முறை வாசித்தேன். நன்றி, வணக்கம் சொன்னேன்.

வீட்டுக்குப் போனதும் மாமியார் தட்டை எடுத்து வைத்துக்கொண்டே கேட்டார். "என்னத்தா, இன்னைக்கு மழைய ரெண்டு தடவ சொன்ன?"

"நேரம் மிச்சமாயிருச்சு அத்தே," என்றேன்.